கோடையில் வெளிநாட்டு அரசு அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப், அதுவும் உதவித்தொகையோடு: உண்மையில் எங்கே கிடைக்கிறது?

முகில்வண்ணி | பிப்ரவரி 11

வணக்கம். பொருளாதாரமும் அரசியலும் சேர்ந்த நான்கு ஆண்டு இளங்கலையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வரும் கோடை விடுமுறையில் வெளிநாட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் எட்டுப் பத்து வாரம் இன்டர்னாக இருக்க ஆசை. அமைச்சகம், தூதரகம், நாடாளுமன்றம் எதுவானாலும் சரி. வீட்டில் காசு கேட்க முடியாது, அதனால் உதவித்தொகை கட்டாயம் வேண்டும்.

இரண்டு நாளாகத் தேடியதில் கண்ணில் பட்டவை எல்லாம் “இவ்வளவு கட்டினால் இடம் உறுதி” என்கிற ஏஜென்சிகள்தான். வேலையும் செய்துவிட்டுக் காசும் கொடுப்பதா என்று மூடிவிட்டேன். ஒழுங்கான வழி எது? மதிப்பெண் சுமாருக்குக் கொஞ்சம் மேலே. ஆங்கிலம் நன்றாக வரும். பிரெஞ்சு படித்தால் புரியும், பேசினால் எதிரில் இருப்பவர் சிரிப்பார்.

பழையகோப்பு | பிப்ரவரி 11

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இந்தக் கோடை போய்விட்டது. பிப்ரவரியில் கேட்கிற கேள்வி அல்ல இது, போன செப்டம்பரில் கேட்டிருக்க வேண்டியது. தூதரக இடங்களில் பல, கோடைக்கு எட்டு ஒன்பது மாதம் முன்பே மூடிவிடுவார்கள். பன்னாட்டு அமைப்புகளில் சிலவற்றுக்கு டிசம்பர், ஜனவரி. ஆண்டு முழுவதும் விண்ணப்பம் வாங்குகிற ஒன்றிரண்டு இடங்கள் உண்டு, அங்கே முயன்று பார்க்கலாம். ஆனால் அடுத்த கோடையைக் குறிவைத்து இப்போதே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, “வெளிநாட்டு அரசு” என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டின் அமைச்சகத்துக்குள் வேறு நாட்டுக் குடிமகளை உட்கார வைத்துக் கோப்பு பார்க்க விடுவது அபூர்வம். உங்கள் மேல் சந்தேகமில்லை, ஒவ்வொரு நாட்டின் விதியும் அப்படி. எனவே வெளிநாட்டில் அரசு இன்டர்ன்ஷிப் என்று ஊரில் பேசுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். உங்கள் சொந்த நாடு வெளிநாட்டில் வைத்திருக்கும் தூதரகம். பல அரசுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு, அதாவது ஐ.நா., உலக சுகாதார அமைப்பு, ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு), உலக வங்கி மாதிரி. அப்புறம், வெளிநாட்டவருக்கென்றே தனியாக இடம் ஒதுக்கியிருக்கும் நாடாளுமன்றங்களும் ஆணையங்களும். மூன்றாவது வகை விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

ஆகவே முதல் கேள்வி மதிப்பெண் அல்ல. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, பட்டம் எந்த மாதம் கைக்கு வரும், இந்த இரண்டும்தான்.

முகில்வண்ணி | பிப்ரவரி 11

நன்றி சார். நான் படிக்கும் நாட்டின் குடியுரிமை எனக்கு இல்லை, மாணவர் விசாவில் இருக்கிறேன். பட்டம் வர இன்னும் ஒன்றரை ஆண்டு. இது நல்லதா கெட்டதா?

பழையகோப்பு | பிப்ரவரி 12

நல்லது. ஏன் என்று சொல்கிறேன். ஓஇசிடி, பாரிஸில் இருப்பது, இன்டர்ன்ஷிப் நடக்கும் காலம் முழுக்க நீங்கள் முழுநேர மாணவியாகப் பதிவில் இருக்க வேண்டும் என்கிறது. பட்டம் வாங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகையும் தருவார்கள். இதற்கு நேர் எதிர், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணையத்தின் புளூ புக் பயிற்சி. அங்கே பட்டம் முடித்தவர்களை மட்டுமே எடுப்பார்கள். அதுவும் கோடைத் திட்டம் அல்ல, மார்ச் 1-இலும் அக்டோபர் 1-இலும் தொடங்கி ஐந்து மாதம் ஓடும். மாத உதவித்தொகை உண்டு. பெரும்பாலான இடங்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு, மற்ற நாட்டவருக்குச் சிறு பங்குதான்.

ஐ.நா. தலைமைச் செயலகம் வேறு மாதிரி. இளங்கலையில் கடைசி ஆண்டு வந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். முதுகலை மாணவர்கள், பட்டம் வாங்கி ஓராண்டு தாண்டாதவர்கள் எல்லாம் போகலாம். உங்கள் கணக்கில் அடுத்த கல்வியாண்டு.

இதனால்தான் பட்டம் வாங்கும் தேதியை நான் ஒரு சொத்து என்று சொல்வேன். எதை முன்னால் செய்ய வேண்டும், எதைப் பின்னால் என்று வரிசை தெரியாமல் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 12

ஐ.நா. என்றதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு காசும் கிடையாது. டிக்கெட், விசா, வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் நம் கைக்காசு. நான் ஜெனீவாவில் மூன்று மாதம் இருந்தவன், பட்டவன் சொல்கிறேன்.

2015-இல் ஜெனீவாவில் ஒரு நியூசிலாந்து இளைஞர் வாடகை கொடுக்க முடியாமல் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டே ஐ.நா.வில் இன்டர்னாக வேலை செய்தார் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தச் சமயத்தில்தான் இந்த விஷயமே வெளியில் பேசப்பட்டது.

எதிர்க்காற்று | பிப்ரவரி 12

அந்தக் கூடாரக் கதையின் மீதியையும் சொல்லுங்கள். ஆவணப்படம் எடுக்கும் திட்டமும் அதன் பின்னால் இருந்தது என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 12

ஆமாம், ஒப்புக்கொண்டார். அதனால் ஜெனீவா வாடகை குறைந்துவிட்டதா? :) சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐ.நா. என்பது ஒரே வீடு அல்ல, கூட்டுக் குடும்பம். ஒவ்வொருவருக்கும் தனிச் சமையல். தலைமைச் செயலகம் காசு தராது. ஐஎல்ஓ என்கிற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தரும் (தொழிலாளர் அமைப்பே தராமல் இருந்தால் அசிங்கம் அல்லவா). உலக சுகாதார அமைப்பு நெடுங்காலம் தராமலே இருந்தது. 2018-இல் உலக சுகாதாரப் பேரவையில் உறுப்பு நாடுகள் தீர்மானம் போட்டு, 2020 முதல் உதவித்தொகை வந்தது. ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப், வளர்ச்சித் திட்டமான யுஎன்டிபி இரண்டிலும் உண்டு. ஐ.நா. குடும்பத்துக்கு வெளியே உள்ள உலக வணிக அமைப்பில் நாள் கணக்கில் படி கொடுப்பார்கள், ஆனால் முதுகலைக்காரர்களுக்கு. ஆகவே “ஐ.நா.வில் காசு தருவார்களா?” என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த அமைப்பு, எந்தக் கிளை என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. “உதவித்தொகை உண்டு” என்று போட்டிருந்தாலும் அது எப்போது கைக்கு வரும் என்று பாருங்கள். எனக்கு ஒரு கல்வி அறக்கட்டளை பணம் கொடுத்தது. முழுத் தொகையும் கொடுத்தார்கள், குறையே இல்லை. ஆனால் முதல் தவணை, வேலையில் சேர்ந்த சான்றிதழை அனுப்பிய பிறகுதான். சேர்வதற்கு முன்பே விமான டிக்கெட், விசாக் கட்டணம், முதல் மாத வாடகை, அதோடு மூன்று மாத வாடகையை வைப்புத்தொகையாகக் கேட்ட வீட்டுக்காரர். பேப்பரில் நான் மூன்று மாதத்துக்குக் காசு உள்ளவன். கையில் பார்த்தால், முதல் ஐந்து வாரம் மூன்று நண்பர்களிடம் கடன். அலுவலக உணவகத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் மிச்சமானதை விலை குறைத்துத் தருவார்கள் என்று இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன். அப்புறம் என் எல்லாச் சந்திப்பும் இரண்டே காலுக்குத்தான்.

முகில்வண்ணி, ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் செலவு, எந்தத் தேதியில். இன்னொன்றில் வரவு, எந்தத் தேதியில். மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதை விட இது முக்கியம்.

தூரதேசி | பிப்ரவரி 13

நான் என் நாட்டுத் தூதரகம் ஒன்றில் பத்து வாரம் இருந்தேன். பத்து என்று சொல்வது பழக்கதோஷம். உண்மையில் ஏழு. மூன்று வாரம் பின்னணிச் சரிபார்ப்பில் போய்விட்டது.

தூதரக இன்டர்ன்ஷிப்பில் தேர்வாவது பாதி வேலைதான். செக்யூரிட்டி கிளியரன்ஸ் வரும் வரை உள்ளே நுழைய முடியாது. அமெரிக்காவின் எஸ்எஃப்-86 படிவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்து ஆண்டுகளாக எந்தெந்த முகவரியில் இருந்தாய், ஏழு ஆண்டுகளில் எந்தெந்த வெளிநாட்டுக்குப் போனாய், உறவில் யாருக்கு எந்தக் குடியுரிமை என்று கேட்டுக்கொண்டே போகும். மற்ற நாடுகளின் படிவம் சின்னதாக இருக்கலாம், கேட்பது ஏறக்குறைய இதேதான்.

நான் முதலாம் ஆண்டில் நான்கே மாதம் ஓர் அறையில் இருந்தேன். அதை எழுத மறந்துவிட்டேன். அவ்வளவுதான், “இந்த நான்கு மாதம் எங்கே இருந்தீர்கள்?” என்று கடிதம் வந்தது. அந்த வீட்டுக்காரம்மாவின் பெயரே எனக்கு நினைவில்லை. பழைய வாடகை ரசீதைத் தேடி எடுத்து அனுப்பி, அவர்கள் சரிபார்த்து முடிப்பதற்குள் என் விமானம் போய்விட்டது. டிக்கெட்டை மாற்றிய செலவு எனக்கு.

முகில்வண்ணி, எங்கே விண்ணப்பிக்கிறாயோ இல்லையோ, இன்றைக்கே ஒரு நோட்டை எடு. இருந்த முகவரி, இருந்த தேதி, அங்கே உன்னைத் தெரிந்த ஓர் ஆள். போன நாடு, போன தேதி. இதை மட்டும் எழுதி வைத்துக்கொள். பாஸ்போர்ட் முத்திரையின் மங்கிய மையைப் பார்த்துத் தேதியைக் கண்டுபிடிப்பது நரக வேதனை.

முகில்வண்ணி | பிப்ரவரி 13

எழுத ஆரம்பித்துவிட்டேன் அக்கா. ஏழு முகவரி வருகிறது, எனக்கே ஆச்சரியம். உள்ளே என்ன வேலை கொடுத்தார்கள்? காபி வாங்கி வரச் சொல்வார்கள் என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள்.

தூரதேசி | பிப்ரவரி 13

காபி இல்லை, கத்தரிக்கோல். காலையில் வந்ததும் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் நம் நாட்டைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்று தொகுத்து, ஒன்பதரைக்குள் ஒரு பக்கத்தில் கொடுக்க வேண்டும். இப்போது எல்லாம் கணினியில்தான், ஆனாலும் அந்த வேலைக்குப் பெயர் “வெட்டி ஒட்டுவது”தான். போன் வாசலில் உள்ள லாக்கரிலேயே தங்கிவிடும். மாலை வரை கையில் இருக்காது. முதல் வாரம் கை பரபரக்கும்.

தூதரின் கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம் என்று நினைத்துப் போனேன். இரண்டு முறை நடந்தது. மிச்ச நேரமெல்லாம் கான்சுலர் பிரிவில், அதாவது பாஸ்போர்ட், விசா வேலை பார்க்கும் இடத்தில், கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால். ஒரு நாள் ஒரு பெரியவர் வந்தார். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது, மறுநாள் மகளின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும். அவரிடம் இருந்தது பழைய பாஸ்போர்ட்டின் நகல், அதுவும் பாதி அழிந்தது. அதிகாரி என்னிடம் அந்த நகலைக் கொடுத்து, எண்ணில் எந்த இலக்கம் தெரியவில்லை என்று பார்க்கச் சொன்னார். மூன்றா எட்டா என்று புரியவில்லை. இரண்டு எண்ணையும் பதிவில் தட்டிப் பார்த்ததில் எட்டு போட்டபோது அவர் முகம் திரையில் வந்தது. மாலை அவசரப் பயணச் சீட்டோடு போனார். வெளியுறவுக் கொள்கை பற்றி நான் எழுதிய முப்பது பக்கக் கட்டுரையை விட அந்த எட்டுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எதிர்க்காற்று | பிப்ரவரி 14

எல்லாம் உருக்கமாக இருக்கிறது. ஆனால் யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. சம்பளமில்லாமல் மூன்று மாதம் வெளிநாட்டில் வாழ முடிகிறவனுக்குச் சி.வி.யில் ஒரு வரி கூடுகிறது. அந்த வரியை வைத்து அடுத்த வேலை. முடியாதவன் கோடையில் கடையில் நின்று சம்பாதிக்கிறான், அது சி.வி.யில் வரியாகவே எண்ணப்படுவதில்லை. அரசுகள் சமத்துவம் பேசிக்கொண்டே இதை நடத்துகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் உலகெங்கும் வைத்திருக்கும் தூதரகங்களில் நூற்றுக்கணக்கான இன்டர்ன்கள் சம்பளமின்றி வேலை செய்தார்கள். 2017-இல் ஒன்றிய நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் முறைகேள் அதிகாரி எமிலி ஓ’ரைலி, இவர்களுக்குப் பணம் கொடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. யாரோ புகார் கொடுத்ததால் வந்தது அது, தானாக வரவில்லை.

பழையகோப்பு | பிப்ரவரி 14

நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால் என்னவென்றால், காசு தரும் இடங்கள் முன்பை விட இப்போது அதிகம், ஆனால் போட்டியும் அங்கேதான். காசு தராத இடத்துக்கு நூறு பேர் என்றால் தரும் இடத்துக்கு அதைப்போலப் பல மடங்கு. அந்தப் பெண் கேட்டது நியாயமா என்று அல்ல, எப்படி என்று. அதற்குப் பதில் சொல்வோமே.

எதிர்க்காற்று | பிப்ரவரி 14

சரி, எப்படி என்றே சொல்கிறேன். இடம் கொடுப்பவரும் பணம் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று தேடினால் பட்டியல் சுருங்கிவிடும். இரண்டையும் தனித்தனியாகத் தேடினால் விரியும். நான் அப்படித்தான் போனேன். இடம் ஒரு பன்னாட்டு அமைப்பில், சம்பளமில்லை. பணம் என் பல்கலைக்கழகத்தின் ஒரு மூலையில் இருந்த பயண நிதியிலிருந்து. அந்த நிதிக்கு அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் நான்கே பேர். அறிவிப்பே துறை அலுவலகத்தின் பின்பக்கச் சுவரில் ஒட்டியிருந்தது. திட்டினாலும் போகாமல் விடவில்லை, பாருங்கள்.

மூன்றாம்மாடி | பிப்ரவரி 15

எதிர்க்காற்று சொன்னதற்கு நாட்டு வாரியாக உதாரணம் தருகிறேன். முகில்வண்ணிக்கு எல்லாம் பொருந்தாது, படிக்கிற மற்றவர்களுக்குப் பயன்படும்.

அமெரிக்கக் குடிமக்களாக இருந்து, இளங்கலையில் பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கான அரசு நிதி) வாங்குபவர்களுக்குக் கில்மன் உதவித்தொகை இருக்கிறது. 5,000 டாலர் வரை, குறிப்பிட்ட சில மொழிகளைப் படிப்பவர்களுக்கு அதற்கு மேலும். படிப்புக்கு மட்டுமல்ல, இன்டர்ன்ஷிப்புக்கும் கேட்கலாம். போரன் உதவித்தொகை இன்னும் பெரியது, இளங்கலைக்கு 25,000 டாலர் வரை. ஆனால் அதை வாங்கினால் பிறகு கூட்டாட்சி அரசில் குறைந்தது ஓராண்டு வேலை செய்தாக வேண்டும். ஜெர்மனியில் கார்லோ ஷ்மிட் திட்டம் பன்னாட்டு அமைப்புகளில் இன்டர்ன் ஆகும் மாணவர்களுக்கென்றே இருப்பது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகை. இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரை. இதில் ஒரு பொறி உண்டு, ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்குள் போக இந்தப் பணம் செல்லாது. ஒன்றியத்தின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் கனவோடு இருப்பவர்கள் கடைசி நேரத்தில் இதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள்.

நான் போனது வேறு. ஜெர்மன் நாடாளுமன்றமான புண்டஸ்டாக்கின் பன்னாட்டு நாடாளுமன்ற உதவித்தொகை. 1986 முதல் நடக்கிறது. வெளிநாட்டவரை எடுத்து ஓர் எம்.பி.யின் அலுவலகத்திலேயே உட்கார வைப்பார்கள். மாதத் தொகை, தங்குமிடம், காப்பீடு, பயணச் செலவு எல்லாம் அவர்களுடையது. முக்கியமான நிபந்தனைகள் மூன்று. பட்டம் முடித்திருக்க வேண்டும், ஜெர்மன் நன்றாகப் பேச வேண்டும், உங்கள் நாடு அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். நான் போனபோது மார்ச் முதல் ஜூலை வரை நடந்தது. ஆகவே கோடை இன்டர்ன்ஷிப் என்று சொல்ல முடியாது, ஆனால் “வேறு நாட்டு அரசுக்குள்” என்று முகில்வண்ணி கேட்டதற்கு நான் அறிந்த வரையில் இதை விட நெருக்கமான ஒன்று இல்லை.

எம்.பி. அலுவலகத்தில் என் முதல் வேலை தொகுதி மக்களின் கடிதங்களைப் பிரிப்பது. பேருந்து நேரம், ஓய்வூதியம், பக்கத்து வீட்டு மரம். வெளிநாட்டுக்காரனிடம் இதைக் கொடுக்கிறார்களே என்று முதலில் தோன்றியது. இரண்டே வாரத்தில் அந்தத் தொகுதியின் பேருந்து எண்களெல்லாம் மனப்பாடம். எம்.பி.யே ஒரு முறை என்னிடம் கேட்டார்.

அணுத்துகள் | பிப்ரவரி 15

இழையில் எல்லாரும் அரசியல் ஆட்கள். இயற்பியல், கணினி, பொறியியல் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெனீவா அருகே உள்ள துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் என்பதும் அரசுகள் சேர்ந்து நடத்தும் அமைப்புதான். அதன் கோடை மாணவர் திட்டம் பெயருக்கேற்ப உண்மையாகவே கோடையில் நடக்கிறது, இளங்கலையில் மூன்று ஆண்டு முடித்திருந்தால் போதும், நாள் படியும் பயணச் செலவும் தருகிறார்கள். உறுப்பு நாடு அல்லாதவர்களுக்கும் இடம் உண்டு. கடைசித் தேதி ஜனவரி இறுதி வாக்கில். காலையில் வகுப்பு, பிறகு ஒரு குழுவோடு வேலை, கடைசியில் சின்ன அறிக்கை. மற்றவர்கள் வாடகை பற்றி அழும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 15

வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்.

அறுவடை | பிப்ரவரி 16

உலக வங்கி, ஐஎம்எஃப் என்கிற பன்னாட்டு நிதியம், ஆசிய வளர்ச்சி வங்கி இவை பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே? பொருளாதாரம் படிக்கிறவருக்கு அவைதானே பொருத்தம்.

பழையகோப்பு | பிப்ரவரி 16

சம்பளம் நன்றாகவே உண்டு. ஆனால் அவர்கள் தேடுவது பெரும்பாலும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை. இளங்கலை மூன்றாம் ஆண்டுக்கு இப்போது அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். பின்னால் வரும்.

விசா பற்றியும் ஒரு வரி. முகில்வண்ணி படிக்கும் நாட்டில் மாணவர் விசாவில் இருக்கிறார், மூன்றாவது நாட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். திரும்பி நுழையும் அனுமதி செல்லுபடியாக இருக்கிறதா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும், பிறகு அல்ல. அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் (பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கானது) போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கட்டும். அரசுப் பணத்தில் போனால், பிறகு சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருந்த பின்தான் சில வகை விசாக்களுக்கு மாற முடியும் என்ற விதி ஒட்டிக்கொள்ளலாம். இலவசப் பணத்துக்கும் வால் உண்டு.

ஏஜென்சிகள் பற்றி முதல் பதிவில் சொன்னீர்கள். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பத்துக்கு, நேர்காணலுக்கு, பயிற்சிக்கு என்று யாராவது அதன் பெயரில் கேட்டால் அது மோசடி.

முகில்வண்ணி | பிப்ரவரி 17

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இந்தக் கோடைக்கு ஆசையை விட்டுவிட்டேன். ஆனால் சும்மா இருக்கவும் மனமில்லை. அதுவரை என்ன செய்தால் அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் எழுத ஏதாவது இருக்கும்?

தூரதேசி | பிப்ரவரி 17

ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் ஆன்லைன் பணிகள் இருக்கின்றன. காசு வராது, ஆனால் விமான டிக்கெட்டும் வேண்டாம். மொழிபெயர்ப்பு, தரவு ஒழுங்குபடுத்துவது, அறிக்கை எழுதுவது. ஒரு பணியை முடித்தால் உன் வேலையைப் பார்த்த ஒருவர் கிடைப்பார், அவர் பெயரைப் பரிந்துரைக்குப் போடலாம். அமெரிக்கக் குடிமக்களுக்கென்று 2009-இல் அரசின் ஆன்லைன் மாணவர் பணித் திட்டம் ஒன்று தனியாகத் தொடங்கப்பட்டது, அதுவும் சம்பளமில்லாதது, வாரம் பத்து மணி நேரம் போல.

இன்னும் முக்கியமாக, அந்தப் பிரெஞ்சை விடாதே. படித்தால் புரியும் என்பதைப் பேசினால் புரியும் என்று ஆக்கு. பாரிஸ், ஜெனீவா, பிரஸ்ஸல்ஸ் மூன்றுக்கும் அதுதான் சாவி.

பழையகோப்பு | பிப்ரவரி 17

விண்ணப்பக் கடிதம் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஓர் அமைப்பில் இன்டர்ன் விண்ணப்பங்களை வடிகட்டும் வேலையைச் சில ஆண்டுகள் செய்தேன். பத்துக் கடிதத்தில் எட்டு இப்படித் தொடங்கும்: “சிறு வயது முதலே உலக அமைதியில் எனக்கு ஆர்வம்.” ஒன்பதாவது கடிதத்தில் கண் தானாகவே இரண்டாம் பத்திக்குப் போய்விடும். நான் நிறுத்திப் படித்த ஒரு கடிதம் நினைவிருக்கிறது. “உங்கள் பிரிவு வெளியிட்ட அட்டவணையில் மூன்று நாடுகளின் எண்கள் நடுவில் இரண்டு ஆண்டு விட்டுப்போயிருக்கின்றன. அவற்றை நான் தேசியக் கணக்கிலிருந்து தேடிப் பார்த்தேன், இரண்டு நாட்டுக்குக் கிடைத்தது.” அவ்வளவுதான். அந்தப் பையனின் மதிப்பெண்ணை நாங்கள் பார்க்கவே மறந்துவிட்டோம்.

எந்தப் பிரிவுக்கு எழுதுகிறீர்களோ அந்தப் பிரிவு கடைசியாக என்ன வெளியிட்டது என்று படியுங்கள். அதில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். ஆனால் “நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள்” என்கிற தொனி வேண்டாம், யாருக்கும் பிடிக்காது.

முகில்வண்ணி | அக்டோபர் 9

எட்டு மாதம் கழித்து வருகிறேன், இழை இன்னும் திறந்திருக்கிறதா? முகவரி நோட்டு முடிந்தது. ஆன்லைன் பணி இரண்டு முடித்தேன். பிரெஞ்சில் இப்போது பாதிப் பேர்தான் சிரிக்கிறார்கள். கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன இரண்டு பத்தித் தாளையும் போட்டுப் பார்த்தேன். மாதாமாதம் பணம் தரும் இடத்துக்குப் போனால்கூட முதல் நாற்பது நாளுக்குக் கை வறண்டுவிடும் என்று அது காட்டிவிட்டது. நம்பவே முடியவில்லை. அதனால் பல்கலைக்கழகத்தில் மூலை மூலையாகத் தேடினேன். நிதி உதவி அலுவலகத்தில் “அப்படி எதுவும் இல்லை” என்றார்கள். முன்னாள் மாணவர் சங்க அலுவலகத்தில் போய்க் கேட்டால், இருக்கிறதாம். மூன்று ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லையாம்.

எதிர்க்காற்று | அக்டோபர் 9

எந்தச் சுவரில் ஒட்டியிருந்தது?

முகில்வண்ணி | அக்டோபர் 9

ஒட்டவே இல்லை அண்ணா. இழுப்பறையில் இருந்தது.

முகில்வண்ணி | பிப்ரவரி 26

கடைசியாக ஒரு செய்தி. ஒன்பது விண்ணப்பம். ஐந்துக்குப் பதிலே இல்லை, மூன்று “வருந்துகிறோம்”. ஒன்று கிடைத்தது! பன்னாட்டு அமைப்பு ஒன்றின் புள்ளியியல் பிரிவு, ஜூன் முதல் பத்து வாரம், மாத உதவித்தொகையோடு. சங்கத்தின் நிதி விமான டிக்கெட்டுக்கும் வைப்புத்தொகைக்கும் முன்பணமாக வருகிறது. முன்பணமாகத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

நேர்காணலில் உலக அரசியலைக் கேட்பார்கள் என்று இரவெல்லாம் படித்துப் போனேன். ஒரு எக்செல் கோப்பை அனுப்பி, இருபது நிமிடம் பாருங்கள், பிறகு பேசுவோம் என்றார்கள். பன்னிரண்டு நாடு, பதினைந்து ஆண்டு. ஒரு நாட்டின் எண்கள் நடுவில் திடீரென்று பத்து மடங்கு ஏறியிருந்தன. யாரோ ஆயிரத்தில் எழுத வேண்டியதை நூறில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன் என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, “அது நாங்கள் வேண்டுமென்றே வைத்தது. அடுத்த தாளில் இருப்பது வேண்டுமென்று வைத்ததல்ல” என்றார். அடுத்த தாளை நான் திறக்கவே இல்லை!

ஒரு சின்னச் சந்தேகம். பின்னணிச் சரிபார்ப்புப் படிவம் வந்திருக்கிறது. ஐந்தாவது முகவரியில் இருந்த வீட்டுக்காரர் எண்ணை மாற்றிவிட்டார், பிடிக்க முடியவில்லை. அங்கே என்னைத் தெரிந்த ஆள் என்று எதிர் அறையில் இருந்த பெண்ணைப் போடலாமா?

தூரதேசி | பிப்ரவரி 26

போடலாம். அவளிடம் முதலில் சொல்லிவிடு. என் அறைத்தோழிக்குத் திடீரென்று ஓர் அதிகாரி போன் செய்தபோது அவள் நான் ஏதோ செய்துவிட்டேன் என்று பயந்து என்னைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டாள்.